அம்மாவின் கோல நோட்டில் இல்லாதது

அம்மா இறந்த பிறகு பதினாறு நாள் எங்கள் வாசலில் கோலம் இல்லை. துக்க வீட்டில் போடக்கூடாது என்பது வழக்கம். காலையில் தண்ணீர் தெளித்ததோடு சரி. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்தத் தெரு. நாங்கள் அங்கே குடிவந்ததிலிருந்து அம்மா ஊரில் இருந்த எந்த நாளும் வாசல் வெறுமையாக இருந்ததில்லை. எதிர்வீட்டு அக்கா துக்கம் கேட்க வந்தவர், "வாசலப் பார்த்தாத்தான் அம்மா இல்லைன்னு உறைக்குது" என்று சொல்லி, உள்ளே வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதார்.

பதினேழாம் நாள் விடியலில் கோலப்பொடி டப்பாவோடு நான் வாசலுக்குப் போனேன். அம்மாவின் நோட்டையும் எடுத்துக்கொண்டேன். ஒரு சிக்குக் கோலத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஊடுபுள்ளி, ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசைப் புள்ளிகள் வரும்; நடு வரிசையில் 7, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4 வரை. மொத்தம் 37 புள்ளி, பெரிய கோலமே இல்லை. புள்ளி வைத்து முடித்தேன். கம்பியை, அதாவது புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் கோட்டை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நோட்டில் கோலம் முழுதாக இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் திரும்பி, எங்கே கொண்டுவந்து முடித்தார் என்பது அதில் இல்லை. மூன்று முறை அழித்துப் போட்டேன். மூன்று முறையும் பாதி வழியில் இரண்டு கம்பிகள் எதிரெதிராக வந்து முட்டிக்கொண்டு நின்றன. விடிந்து ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. கடைசியில், சின்னப் பிள்ளையில் அம்மா கைபிடித்துக் கற்றுக்கொடுத்த நாலு புள்ளிக் கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கஷ்டம்தான் இதை எழுதக் காரணம். கைவேலை தெரிந்த ஒரு அம்மாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், நாங்கள் எதைக் காப்பாற்றினோம், எதைத் தவறவிட்டோம் என்பது உங்களுக்கு இப்போதே உதவக்கூடும்.

அம்மா பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கும்பகோணம் வந்தார். அப்பா பாத்திரக்கடையில் கணக்கெழுதினார். வருஷக் கடைசியில் கடையில் மீந்துபோகும் பேரேடுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதுதான் அம்மாவின் கோல நோட்டு. மொத்தம் பதினொன்று இருக்கின்றன. பற்று, வரவு என்று அச்சடித்த கட்டங்களின் மேலேயே பென்சிலால் புள்ளி வைத்து, ரீபில் பேனாவால் கம்பி இழுத்திருப்பார். நடுநடுவே வாரப் பத்திரிகைகளில் வந்த கோலங்களை வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார். சில பக்கங்களின் ஓரத்தில் மளிகைக் கணக்கு. ஒரு பக்கத்தில் எனக்கு அம்மை வார்த்த தேதி. இன்னொரு பக்கத்தில் "அவுகளுக்கு காய்ச்சல், சின்னக் கோலம்" என்று ஒரே ஒரு வரி. எங்கள் அம்மா நாட்குறிப்பு எழுதியவர் இல்லை. இந்தக் கோல நோட்டுதான் அவருடைய நாட்குறிப்பு என்பது, அவர் போன பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

தெருவில் கல்யாணம் என்றால் மணவறைக் கோலத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, அதை உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்துகொண்டே மோதிர விரலால் இழுப்பார். மாவு இழை ஒரே கனத்தில் ஓடும். பணம் வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் போதும். நவராத்திரிக்குக் கொலுப்படியின் முன்னால் ஒன்பது நாளும் ஒன்பது கோலம். மார்கழியில் நாலரை மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்காருவார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முடிவதற்குள் கோலமும் முடிந்து, நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ உட்கார்ந்திருக்கும்.

வெறும் கைப்பழக்கம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பத்து வயது இருக்கும். சதுரமாக நாலுக்கு நாலு புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் ஒரே கம்பியால் சுற்றி வர முயன்றுகொண்டிருந்தேன். வரவே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாலுக்கு நாலு வெச்சா நாலு கம்பி ஆகும்டி. இன்னொரு புள்ளி கூட்டி நாலுக்கு அஞ்சா வை, ஒரே கம்பியில முடியும்" என்றார். வைத்தேன், முடிந்தது. "நாலுக்கு ஆறு வெச்சா?" என்று கேட்டேன். "ரெண்டு." "ஆறுக்கு ஒம்போது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு" என்றார்.

பல வருஷம் கழித்து, பொறியியல் படிக்கும் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை என்றான். வெட்டும் ஒட்டும் இல்லாமல் எல்லா இடைவெளியிலும் குறுக்கே பின்னிப் போகும் சதுர, செவ்வகக் கோலங்களுக்கு அது சரியாகவே வருகிறது. 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினிக்குப் புரியும் இலக்கண விதிகளாக எழுதிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இருப்பதையும் அவன்தான் தேடி எடுத்தான். அப்போது அம்மா உயிரோடு இருந்தார். "அப்பாயி, நீங்க போடறத காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்று அவன் சொன்னதும், "அவங்க வீட்டம்மாவும் போட்டிருப்பாங்கள்ல, பார்த்துத்தான் செஞ்சிருப்பாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க நெஞ்சு நிறைந்திருந்தது.

ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் அம்மா தஞ்சாவூர் ஓவியம் கற்கப் போனார். எனக்குக் கல்யாணமாகி, அண்ணனும் வேலைக்குப் போய், வீடு ஓய்ந்திருந்த நேரம். வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு நாற்பது கிலோமீட்டர் பஸ் பயணம். அங்கே ஒரு வயதான ஆசிரியரிடம் இரண்டு வருஷம் கற்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்.

லீவுக்குப் போகும்போதெல்லாம் கூட உட்கார்ந்து எடுபிடி வேலை செய்ததால் இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பிளைவுட் பலகையில் துணியை ஒட்டி, சாக்பவுடரும் பசையும் கலந்து பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அப்புறம் படம் வரைந்து, கற்களைப் பதித்து, அதே பவுடரும் பசையும் கெட்டியாகக் கலந்த மக்கு வைத்து நகைகளையும் தூண்களையும் மேடாக எழுப்ப வேண்டும். மக்கு காய்ந்த பிறகு அதன் மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவார்கள். 22 காரட் ரேக்கு, மூச்சுக்காற்று பட்டாலே பறக்கும். அதனால் அம்மா ரேக்கு ஒட்டும்போது வீட்டில் மின்விசிறி ஓடாது, யாரும் பேசவும் மாட்டோம். அதன் பிறகு வண்ணம். கடைசியில்தான் முகம். கண்ணை எழுதும் நாளில் தலைக்குக் குளித்துவிட்டு உட்காருவார்.

கண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அறுபத்தெட்டு வயதில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த இரண்டாம் நாள், கூடத்தில் மாட்டியிருந்த தன்னுடைய பட்டாபிஷேகப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "இந்தத் திரைச்சீலைக்கு நான் இவ்வளவு அழுத்தமாவா நீலம் அடிச்சேன்?" என்று கேட்டார். புரை விழுந்த கண்ணின் வில்லை மஞ்சளாகிப்போவதால் நீலம் மங்கித் தெரியும். அது சரியாகத் தெரிவதற்காக அவர் வருஷக்கணக்கில் நீலத்தைக் கூட்டிக் கூட்டி அடித்திருக்கிறார். அதன் பிறகு வீட்டிலிருந்த நாலு படங்களை இறக்கி, நீலத்தை மட்டும் திருத்தினார். ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அடர்நீலம் அம்மா அப்போது பார்த்த உலகம். அது எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் வண்ணத்தோடு வேலை செய்பவராக இருந்து, அவர் நிறம் தேர்வதில் மாற்றம் தெரிந்தால், முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரசனை மாறிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். என் மகள் தன் பழைய போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது, "அம்மா, அம்மாச்சி வீடியோ ஒண்ணு இருக்கு" என்றாள். ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு மார்கழியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதற்காக எடுத்தது. நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அம்மாவின் முகம் அதில் இல்லை. தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்ததால் கையும் வளையலும் தரையும் மட்டும்தான் தெரிகின்றன. போடுவது 37 புள்ளிக் கோலம், நான் மூன்று முறை தோற்றுப்போன அதே கோலம்.

பார்த்தபோதுதான் தெரிந்தது, அம்மா அந்தக் கம்பியை ஒரே ஓட்டமாக இழுக்கவே இல்லை. தனக்கு எதிரே இருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வளைவுத் துண்டைப் போடுகிறார். எழுந்து அடுத்த பக்கம் நகர்ந்து, அதே துண்டைப் போடுகிறார். இப்படி ஆறு பக்கமும். கடைசியாக நடுவில் வந்து எல்லா முனைகளையும் இணைக்கிறார். இணைத்த பிறகு பார்த்தால் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே கம்பி. நான் முடிந்த உருவத்தைப் பார்த்து, அது எப்படித் தெரிகிறதோ அப்படியே இழுக்கப் பார்த்திருக்கிறேன். இடையில் அம்மாவின் குரலும் கேட்கிறது. "இங்க வந்து உள்ள திரும்பணும் கண்ணு. வெளிய போனா சிக்கிக்கும்." அந்த ஒரு வரியை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம் என்று கணக்கே இல்லை.

பதினொரு நோட்டுகள் தராததை நாலு நிமிஷ வீடியோ தந்தது. அதனால் என்னிடம் யாராவது கேட்டால், முதலில் கையைப் படமெடுங்கள் என்றுதான் சொல்வேன். முகத்தைப் பார்த்துப் பேட்டி எடுப்பது அப்புறம். நாங்களும் பேட்டி எடுக்க முயன்றோம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "உன் வாழ்க்கையைப் பத்திச் சொல்லும்மா" என்று அண்ணன் கேட்டபோது, "என்னத்தச் சொல்றது, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதே அம்மா கையில் மக்குக் கிண்ணத்தைப் பிடித்திருக்கும்போது கேட்காமலே பேசுவார். தன் அம்மா கற்றுக்கொடுத்தது, மாமியார் திட்டியது, பேறுகாலத்தில் கூட வாசலுக்குப் போகத் துடித்தது, எல்லாம் வரும். வேலை நடக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. உங்கள் வீட்டிலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

வலது கைக்காரரானால் இடது தோள் பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து எடுத்தால் கை மறைக்காது. போனைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க நினைத்தால் அவர்களுக்கும் அலுத்துவிடும், இரண்டு மூன்று நிமிஷத் துண்டுகளே போதும். "ஏன் இப்ப கையை மாத்தினீங்க?", "இது போதும்னு எப்படித் தெரியுது?" மாதிரி சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். அதில் அனுப்பும்போது வீடியோவின் தரம் குறைந்துவிடும். மூலக் கோப்புக்கு என்ன, எப்போது என்று பெயர் வைத்து, போனுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். மகள் அந்தப் பழைய போனை விற்கவிருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

மக்கு விஷயத்தில் எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எவ்வளவு பவுடருக்கு எவ்வளவு பசை என்று கேட்டால், பலகைக்குப் பூசுவதற்கு "தோசை மாவுப் பதம்", மேடு எழுப்புவதற்கு "இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டி" என்பார். அண்ணி ஒருத்திதான் பக்கத்தில் நின்று, வேலை எந்த வரிசையில் நடக்கிறது, எது எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் கூடுதலாகக் காய வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. பெற்ற மகள் நான் செய்யாததை மருமகள் செய்தார். அண்ணியின் அந்த நாலு பக்கத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

பொருள்களைக் காப்பாற்றுவதில் நாங்கள் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்மா கொடுத்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை சென்னையில் என் வீட்டு வெளிச்சுவரில் மாட்டியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். பின்பலகை வழியாக ஈரம் ஏறி, மூன்றாம் வருஷம் பீடத்தருகே கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. போதாததற்கு, சட்டம் போட்ட கடையில் கண்ணாடியை ஓவியத்தோடு ஒட்டியே வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் ரேக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்ல வேண்டும். வெயில் நேராகப் படாத, ஈரம் ஏறாத உட்சுவரில் மாட்ட வேண்டும். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தால் ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், உலர்ந்த மென்துணியே போதும். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்பக்கம் கரையான் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் படத்தை நானே சரிசெய்யத் துணியவில்லை. அம்மாவோடு கற்ற ஒருவரிடமே கொண்டுபோனேன். முழுவதும் புதிதாக ரேக்கு ஒட்டினால் பளிச்சென்று இருக்குமே என்று கேட்டதற்கு அவர், "அம்மா வெச்சதுல நல்லா இருக்கறத நான் எடுக்க மாட்டேன். போனத மட்டும் ஒட்டித் தர்றேன்" என்றார். இப்போது அந்த மூலையில் தங்கம் கொஞ்சம் புதுசாகத் தெரிகிறது. தெரியட்டும்.

நோட்டுகளில் ஒன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் லேமினேட் செய்யக் கொடுத்தார். பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்த பக்கங்களில் காற்றுக்குமிழ் விழுந்துவிட்டது, இனி அதைப் பிரிக்கவும் முடியாது. மீதிப் பத்தை அப்படிச் செய்யவில்லை. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தோம். மளிகைக் கணக்குப் பக்கங்களையும் விடவில்லை. நோட்டுகளைப் பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையோடு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். செல்லோடேப் மட்டும் எதிலும் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

அம்மா எந்த ஓவியத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. சாமி படத்தில் தன் பேரை எழுதக் கூசுவார். நாங்களும் அதை மீறவில்லை. யார் வரைந்தது, எந்த வருஷம், யாருக்காக என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, சட்டத்தின் பின்னட்டையில் வைத்தோம். உறவினர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அவர் கொடுத்துவிட்ட படங்களின் கணக்கு யாரிடமும் இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டு, படத்தின் புகைப்படத்தையும் அது எப்படி வந்தது என்ற கதையையும் அனுப்பச் சொன்னோம். இதுவரை முப்பத்தொன்று கிடைத்திருக்கின்றன. மாயவரத்தில் ஒரு வீட்டில், மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்காக அம்மா கொடுத்த படம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டிலிருந்த படங்களைப் பிரித்துக்கொள்ளும்போது விலை பேசவில்லை. பேரப்பிள்ளைகள் முதலில் ஆளுக்கொன்று எடுத்தார்கள், அப்புறம் நாங்கள். என் மகள் படம் எதுவும் வேண்டாம் என்றாள். கோலப்பொடி டப்பாவைக் கேட்டாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி போட்ட பித்தளை டப்பா, உள்ளே அம்மா கடைசியாக நிரப்பிய பொடி பாதி இருந்தது.

இவ்வளவும் சேர்த்துவைக்கும்போது எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. 2016 மகாமகத்தின்போது எங்கள் தெரு வழியாக விடிய விடிய ஜனம் போனது. அம்மா போட்ட பெரிய கோலம் பத்து நிமிஷம் கூட நிற்கவில்லை. நான் ஆற்றாமையில் புலம்பியபோது, "மிதிபடத்தானே போட்டது. சாமி பார்க்கப் போறவுக கால்ல ஒட்டிக்கிட்டுக் குளம் வரைக்கும் போகும்ல" என்றார். அடுத்த நாளும் அதே அளவு கோலம்தான் போட்டார். அப்படிப்பட்டவரின் கோலத்தைப் பெட்டியில் பூட்டுவது சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டியில் வைப்பதோடு நிறுத்தாமல் வாசலில் போடவும் வேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். வாரம் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை காலையில். அடுக்குமாடி வீட்டு வாசலில் இடம் மூன்றடிதான், அதற்குள் அடங்குவதைப் போடுகிறேன். ஆறு பக்கமும் நகர்ந்து நகர்ந்து போடுவதற்கு முழங்கால் பழகிவிட்டது.

பதினோராவது நோட்டின் கடைசிக் கோலம் முடியாமல் நிற்கிறது. ஊடுபுள்ளி, 15-லிருந்து 8 வரை. 169 புள்ளியும் பென்சிலில் வைத்திருக்கிறார், கம்பி ஒன்றுகூட இல்லை. அதைப் போட்ட காலத்தில் அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது, வரிசைகள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. என் மகளும் அண்ணன் மகனும் இதுவரை நாலு விதமாக முடித்துப் பார்த்துவிட்டார்கள். நோட்டில் யாரும் கைவைக்கவில்லை, எல்லாம் தனித்தாளில். ஒன்று இரண்டு கம்பியாகப் போய்விட்டது. ஒன்று ஒரே கம்பியில் முடிந்தது, ஆனால் அம்மாச்சி இப்படி வளைக்க மாட்டார் என்று மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தை பிறப்பதற்குள் இன்னொன்று போட்டுப் பார்க்கப் போகிறார்களாம்.